வாசலில் விழுந்த மஞ்சள்

கல்யாணம் முடிந்து பெண்ணும் மாப்பிள்ளையும் வீட்டு வாசலில் வந்து நிற்கிறார்கள். உள்ளேயிருந்து ஆரத்தித் தட்டு வருகிறது. மஞ்சள்தூள் கரைத்த தண்ணீரில் ஒரு சிட்டிகை சுண்ணாம்பு விழுந்ததுமே அது குங்குமச் சிவப்பாகியிருக்கிறது. மூன்று சுற்றுச் சுற்றி, ஆளுக்கொரு பொட்டு வைத்துவிட்டு, மீதியை வாசலோரத்தில் ஊற்றிவிடுவார்கள். மண் வாசலாக இருந்த காலத்தில் அதை மண் குடித்துவிடும், அதோடு சரி. இப்போது கேட்டிலிருந்து போர்ட்டிகோ வரை கான்கிரீட். விருந்தாளிகள் போன மறுநாள் பார்த்தால் தரையில் ஒரு சிவப்புத் திட்டு. சீமாறு தேய்ந்தாலும் அது தேய்வதில்லை.

இதே இடத்தில் இன்னொன்றும் செய்து பார்க்கலாம். போட்டு ஒரு மாதம்கூட ஆகாத புதுக் கான்கிரீட்டில், சுண்ணாம்பு கலக்காத வெறும் மஞ்சள் தண்ணீரை ஒரு சொட்டு விடுங்கள். அதுவும் சிவக்கும். சுண்ணாம்பு எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டியதில்லை. தரையே சுண்ணாம்புதான்.

கான்கிரீட்டை நாம் கல் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அதனால்தான் கறை பட்டதும் கல்லைத் தேய்ப்பதுபோலத் தேய்க்கிறோம், கல்லைக் கழுவுவதுபோல ஆசிட் ஊற்றுகிறோம். உண்மையில் அது காரம் நிறைந்த ஒரு பஞ்சு. உள்ளே கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான துளைகள். அந்தத் துளைச் சுவர் ஒவ்வொன்றிலும் சுண்ணாம்பு. மேலே விழுகிற எந்தப் பொருளும் முதலில் உறிஞ்சப்படுகிறது, பல பொருள்கள் பிறகு அந்தச் சுண்ணாம்போடு வினையும் புரிகின்றன. கறையை எடுப்பது என்றால் இந்த இரண்டையும் பின்னோக்கி நடத்துவது. எந்தக் கறை என்று தெரியாமல் அதைச் செய்ய முடியாது.

கோவையிலிருந்து பாலக்காட்டுச் சாலையில் போனால் மதுக்கரை வரும். 1934-இல் அங்கே தொடங்கிய சிமெண்ட் ஆலையைத்தான் ஊர்க்காரர்கள் இன்றும் ஏ.சி.சி. என்று மூன்றெழுத்தில் சொல்கிறார்கள். வாளையார்ப் பக்கத்து மலைகளின் சுண்ணாம்புக்கல் கோவையின் வீடுகளாகவும் மில்களாகவும் பட்டறைத் தரைகளாகவும் மாறிய கதை அங்கே தொடங்குகிறது. சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் அரைத்து, சுழலும் சூளையில் ஏறத்தாழ 1,450 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுட்டால், கல்லிலிருந்த கரியமில வாயு வெளியேறிவிடும். மிஞ்சுவது கிளிங்கர் என்ற கருஞ்சாம்பல் உருண்டைகள். கொஞ்சம் ஜிப்சம் சேர்த்து மாவாக அரைத்தால் அதுதான் சிமெண்ட்.

தண்ணீர் பட்டதும் சிமெண்ட் இறுகுவதைப் பார்த்து ‘காய்ந்துவிட்டது’ என்கிறோம். அது காய்வதில்லை. ஊற்றிய தண்ணீரில் ஒரு பகுதி சிமெண்டோடு சேர்ந்து புதுப் பொருள்களாகிறது. ஒன்று, ஜல்லியையும் மணலையும் பிடித்துக்கொள்ளும் பசை. அதுதான் கான்கிரீட்டின் பலம். இன்னொன்று கால்சியம் ஹைட்ராக்சைடு, அதாவது வெற்றிலைக்குத் தடவுகிற அதே சுண்ணாம்பு. சாதாரண போர்ட்லேண்ட் சிமெண்ட் முழுக்க இறுகியபின் அந்தத் திடப் பசையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இந்தச் சுண்ணாம்புதான். துளைகளில் தங்கும் நீரின் காரத்தன்மை பி.எச். அளவில் 12.5-க்கும் மேல்.

துளைகள் எப்படி வந்தன? ஐம்பது கிலோ மூட்டை சிமெண்ட் முழுவதும் வினைபுரிய ஏறத்தாழ 12 லிட்டர் தண்ணீர் இருந்தாலே போதும். ஆனால் அவ்வளவு கெட்டியான கலவையைக் கரண்டியால் இழுக்க முடியாது. அதனால் 25 லிட்டராவது ஊற்றுவார்கள். வெயில் நேரத்தில், கை வலிக்கும் நேரத்தில், இன்னும் ஒரு பக்கெட். அந்த மிச்சத் தண்ணீர் பிறகு ஆவியாகி வெளியே போகும். அது போன வழிகளெல்லாம் மெல்லிய குழாய்களாக உள்ளே நின்றுவிடும். கொத்தனார் தண்ணீரைத் தாராளமாக ஊற்றிய அன்றைக்கே பத்து வருஷம் கழித்து விழப்போகும் ஆயில் கறைக்கு வழி வெட்டியாகிவிட்டது.

ஒரு மாற்றமும் மெல்ல நடக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு மேற்பரப்பிலிருந்து உள்ளே நுழைந்து, சுண்ணாம்பை மறுபடியும் சுண்ணாம்புக்கல்லாக்குகிறது. சூளையில் விட்டுவந்த வாயுவை வாசல் ஆண்டுக்கணக்கில் திரும்ப வாங்கிக்கொள்கிறது. அப்படி மாறிய மேல்தோலின் பி.எச். 9-க்கும் கீழே இறங்கிவிடும். பழைய வாசலில் மஞ்சள் தண்ணீரை விட்டால் மஞ்சளாகவே நிற்பது இதனால்தான். பாலங்களைச் சோதிக்கும் பொறியாளர்கள் உடைத்த கான்கிரீட்டின்மேல் ஃபீனால்ப்தலீன் கரைசலைத் தெளிப்பார்கள். இளஞ்சிவப்பானால் காரம் இருக்கிறது, நிறமில்லாவிட்டால் போய்விட்டது. ஆரத்தித் தட்டு செய்வதும் அதே சோதனைதான்.

இனி ஆசிட்.

வாசலைச் சுத்தம் செய்ய வருகிறவர் முதலில் சொல்வது ஒன்றுதான்: “ஆசிட் ஊத்துனா பளிச்சுன்னு ஆயிருமுங்க.” அவர் பொய் சொல்லவில்லை. ஊற்றியதும் நுரைக்கிறது. நுரை அடங்கித் தண்ணீர் விட்டுக் கழுவினால் தரை புதிதுபோல வெளுத்திருக்கிறது. நமக்கும் திருப்தி. ஆனால் அந்த நுரை கறையிலிருந்து வந்ததில்லை, தரையிலிருந்து வந்தது. கடையில் விற்கும் ஆசிட் ஹைட்ரோகுளோரிக் அமிலம். அது தரையின் சுண்ணாம்புக்கல்லைத் தின்று கரியமில வாயுவை வெளியேற்றுகிறது. கறை படிந்திருந்த மெல்லிய தோலே கரைந்து ஓடுகிறது. அழுக்குச் சட்டைக்குப் பதில் தோலை உரித்ததுபோல.

அதற்குப் பிறகு நடப்பதை யாரும் ஆசிட்டோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. வழுவழுப்பான சிமெண்ட் தோல் போனதால் மணல் வெளியே தெரிகிறது. துளைகளின் வாய் அகலமாகியிருக்கிறது. அடுத்த மாதம் சிந்தும் காபிகூட முன்பைவிட ஆழமாக இறங்குகிறது. ‘இந்த வாசலே இப்படித்தான், எது பட்டாலும் போகவே மாட்டேங்குது’ என்று அலுத்துக்கொண்டு மறுபடியும் ஆசிட் வாங்குகிறோம். வினையில் உண்டாகும் கால்சியம் குளோரைடு தண்ணீரில் கரைந்து துளைகளுக்குள் தங்கும். கான்கிரீட்டுக்குள் கம்பி இருந்தால் அந்தக் குளோரைடு கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு பருமனில் பெருத்துத் தரையை வெடிக்க வைக்கும். ஆயில் கறைக்கோ ஆசிட்டால் ஒரு பயனும் இல்லை. எண்ணெய் அமிலத்தில் கரையாது. அதைச் சுற்றியுள்ள சிமெண்ட்தான் கரையும். வீட்டு வாசலுக்கு ஆசிட் வேண்டாம் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

எண்ணெய்க் கறையைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கொங்கு நாட்டு வாசல்களில் இரண்டு வேறு எண்ணெய்கள் சிந்துகின்றன. இரண்டும் ஒரே மாதிரி கறுப்பாகத் தெரியும். வேதியியலில் ஒன்றுக்கொன்று உறவே இல்லை.

முதலாவது செக்கு எண்ணெய், விளக்கெண்ணெய், தேங்காயெண்ணெய். கார்த்திகை தீபத்தன்று வாசல்படி நெடுக அகல் வைக்கிறோம். மறுநாள் ஒவ்வொரு அகலின் கீழும் ஒரு வட்டம். பெரிய அளவில் பார்க்க வேண்டுமானால் காங்கேயம் பக்கம் போக வேண்டும். தேங்காய்ப் பருப்பைக் காய வைக்கும் சிமெண்ட் களங்கள் அங்கே ஏக்கர் கணக்கில் விரிந்து கிடக்கின்றன. இந்த எண்ணெய்களெல்லாம் கொழுப்பு அமிலங்களால் ஆனவை. காரத்தோடு சேர்ந்தால் சோப்பாகும். தேங்காயெண்ணெயில் கிட்டத்தட்ட பாதி லாரிக் அமிலம். சோப்புக்குத் தேங்காயெண்ணெய் பேர்போனது அதனால்தான்.

அப்படியானால் காரம் நிறைந்த கான்கிரீட்டில் எண்ணெய் விழுந்தால் அங்கேயே சோப்பாகிவிடாதா? ஆகிறது, மெதுவாக. ஆனால் அது சுண்ணாம்பால் ஆன சோப்பு. உப்புத் தண்ணீரில் குளிக்கும்போது பக்கெட்டில் ஒட்டும் பிசுபிசுப்பான வெள்ளைத் திப்பி அதுதான். கால்சியம் சோப்பு தண்ணீரில் கரையாது, நுரைக்காது. தரையின் சுண்ணாம்பையே தின்று உண்டாவதால் நாளடைவில் மேற்பரப்பும் மென்மையாகிப் பொருபொருத்துப் போகும். எண்ணெய் நெடுநாள் ஊறிய தரைகள் அரித்துப்போவது இப்படித்தான்.

இதற்கு மருந்து சலவைச் சோடா. சோடியம் கார்பனேட்டைச் சுடுநீரில் கரைத்து ஊற்றினால் எண்ணெய் சோடியம் சோப்பாகிறது. அது கரையும், நுரைக்கும், கழுவினால் போகும். கையுறை போட்டுக்கொண்டு, கெட்டியான பிளாஸ்டிக் பிரஷ்ஷால் தேய்க்கலாம். கம்பி பிரஷ் வேண்டாம். அதன் கம்பி நுனிகள் உடைந்து துளைகளில் சிக்கி, ஒரு மழையில் துருப்புள்ளிகளாக மலரும். அகல் விளக்குக் கறை புதிதாக இருந்தால் ஒரே தடவையில் போய்விடும். நாள்பட்ட நல்லெண்ணெய் காற்றில் தடித்துப் பிசினாகியிருக்கும். அதற்கு மூன்று நான்கு தடவை பொறுமை வேண்டும்.

இரண்டாவது எண்ணெய் என்ஜின் ஆயில். இது நிலத்தடியிலிருந்து வந்த கனிம எண்ணெய். இதில் கொழுப்பு அமிலம் இல்லை. எவ்வளவு சலவைச் சோடா போட்டாலும் இது சோப்பாகாது. போர்ட்டிகோவில் நிற்கும் கார், கேட்டோரம் சாய்த்த டி.வி.எஸ். ஃபிப்டி, பட்டறையின் லேத், தோட்டத்து டிராக்டர் எல்லாம் சொட்டுச் சொட்டாக விடுவது இதைத்தான். ஓடிக் களைத்த ஆயிலில் கரித்தூளும் நுண்ணிய இரும்புப் பொடியும் வேறு கலந்திருக்கும். எண்ணெயை எடுத்தபிறகும் கறுப்பு நிற்பது அந்தக் கரியால்.

கனிம எண்ணெயைக் கரைத்து ஓடவிட முயல்வதைவிட, போன வழியே வெளியே இழுப்பதுதான் நல்லது. இங்கேதான் எனக்கு அரப்பு ஞாபகம் வருகிறது. உசிலை மரத்து இலையைக் காயவைத்து அரைத்த பச்சைப் பொடி. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்த கொங்குநாட்டுத் தலைமுறைகளுக்கு அதன் வாசம் மறக்காது. “கண்ணை மூடிக்கோ சாமி” என்று அம்மிச்சி தலையில் அப்புவார். எரியும். ஆனால் தலையில் வழிந்த அத்தனை நல்லெண்ணெயும் போய்விடும். அரப்பு இரண்டு வேலை செய்கிறது. அதிலுள்ள சப்போனின்கள் சோப்பைப் போல எண்ணெயைத் தண்ணீரோடு கலக்க வைக்கின்றன. இலைப்பொடி பிரிந்த எண்ணெயைத் தனக்குள் உறிஞ்சிக்கொள்கிறது. பிரிக்க ஒன்று, வாங்கிக்கொள்ள ஒன்று. வாசலுக்கும் அதே இரண்டு வேலைதான் வேண்டும். (அரப்பையே வாசலில் போட்டுவிடாதீர்கள், பச்சைக் கறை பிடிக்கும்.)

ஆயில் இப்போதுதான் சிந்தியது என்றால் தண்ணீர் ஊற்றக் கூடாது, துணியால் தேய்க்கவும் கூடாது. தேய்த்தால் பரப்பளவு பெருகும். மரத்தூளோ சலித்த அடுப்புச் சாம்பலோ உலர்ந்த களிமண் பொடியோ தாராளமாகக் கொட்டி, காலால் அழுத்தி, சில மணி நேரம் விட்டுக் கூட்டி எடுக்க வேண்டும். இரண்டாம் தடவையும் கொட்ட வேண்டும். முதல் ஒரு மணி நேரம் செய்யும் வேலையைப் பிறகு ஒரு வாரத்தாலும் செய்ய முடியாது.

பழைய கறைக்குப் பற்று போட வேண்டும், காயத்துக்குப் பச்சிலைப் பற்று போடுகிறோமே, அதேதான். களிமண் பொடி அல்லது நைசான சாம்பலில் பாத்திரம் கழுவும் திரவத்தையும் சலவைச் சோடாக் கரைசலையும் விட்டு, தோசை மாவைவிடக் கொஞ்சம் கெட்டியாகப் பிசைந்து, கறையின்மேல் அரை விரற்கடை கனத்துக்கு அப்புங்கள். மேலே பாலிதீன் விரித்து ஓரங்களில் கல் வையுங்கள். ஒரு இரவு மூடியிருக்கட்டும். அந்த நேரத்தில் திரவம் துளைகளுக்குள் இறங்கி எண்ணெயைச் சிறு துளிகளாகப் பிரிக்கும். காலையில் பாலிதீனை எடுத்துவிடுங்கள். இனிமேல் வெயில் வேலை செய்யும். மேற்பரப்பில் ஈரம் ஆவியாக ஆக, உள்ளேயிருக்கும் திரவம் மேலே ஏறிவரும், எண்ணெயையும் கூட்டிக்கொண்டு. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதும் இதே விசையால்தான். மெல்லிய துளை பெரிய துளையிலிருந்து திரவத்தை இழுக்கும் என்பது நுண்புழை விதி. அதனால்தான் பற்றுக்கு மணல் உதவாது, நைசான பொடி வேண்டும். காய்ந்து வெடித்த பற்றைச் சுரண்டிப் பார்த்தால் அதன் அடிப்பக்கம் பழுப்பேறியிருக்கும். பழைய கோயில்களின் கற்களில் ஏறிய உப்பை எடுக்கப் பாதுகாப்பு நிபுணர்கள் கையாளுவதும் இதே பற்று முறைதான்.

ஒரே பற்றில் எல்லாம் போகாது. ஐந்து வருஷக் கறைக்கு நான்கு பற்றுகூட ஆகலாம். சிலர் பெட்ரோலைக் கொண்டுவந்து ஊற்றுகிறார்கள். எண்ணெயை அது கரைக்கும் என்பது உண்மை. ஆனால் கரைந்த எண்ணெய் பெட்ரோலோடு சேர்ந்து இன்னும் அகலமாகவும் ஆழமாகவும் பரவும். அதன் ஆவி தரையோடு தவழ்ந்து போய்ப் பக்கத்து அறையின் அடுப்பில் பற்றிக்கொள்ளவும் கூடும். செய்யவே கூடாத வேலை.

அடுத்தது துரு. ஃபவுண்டரிகளும் பம்புசெட் கம்பெனிகளும் கிரைண்டர் கம்பெனிகளும் நிறைந்த கோவையில் இரும்பில்லாத தெரு கிடையாது. துரு வாசலுக்கு வரும் வழிகளில் ஒன்று பலருக்குப் புதிராக இருக்கும். புதுக் கேட் மாட்டும்போது வெல்டர் கிரைண்டரால் தேய்ப்பார். பூவாணம்போல் பொறி பறக்கும். அந்தப் பொறி ஒவ்வொன்றும் எரிகிற இரும்புத் துகள். தரையில் குத்தி நிற்கும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. ஆடிச் சாரல் வந்ததும் வாசல் முழுக்க அம்மைபோல் செம்புள்ளிகள். அடுத்த முறை கேட் வேலை நடந்தால் தரையில் பழைய சாக்கை நனைத்து விரித்துவிடுங்கள்.

மற்றொரு வழி போர் தண்ணீர். ஆழத்தில் காற்றுப்படாமல் கிடக்கும் தண்ணீரில் இரும்பு கரைந்த நிலையில் இருக்கும், நிறமே இல்லாமல். மோட்டார் அதை மேலே இழுத்துக் காற்றில் விட்டதும் ஆக்சிஜன் பட்டுத் துருவாகிறது. செடிக்கு டியூபில் தண்ணீர் பாய்ச்சும் இடத்தில் சுவரும் தரையும் பழுப்பேறுவது அதனால். சிறுவாணித் தண்ணீர் வரும் வீட்டில் இந்தத் தொல்லை இல்லை.

துருவுக்கு பிளீச்சிங் பவுடர் போடுகிறவர்கள் உண்டு. வெள்ளைத் துணியை வெளுப்பது தரையையும் வெளுக்கும் என்று நினைக்கிறார்கள். துரு என்பதே இரும்பு ஆக்சிஜனோடு சேர்ந்த நிலை. பிளீச்சிங் பவுடரும் ஆக்சிஜனேற்றத்தால்தான் வெளுக்கிறது. ஏற்கெனவே துருவானதை அது மேலும் என்ன செய்யும்? துருவுக்கு வேண்டியது இரும்பு அணுவை இறுகப் பிடித்துத் தண்ணீரோடு கூட்டிப்போகும் ஒரு மூலக்கூறு. ஆக்சாலிக் அமிலம் அதைச் செய்கிறது. அமிலம் என்றாலும் இது கான்கிரீட்டை அவ்வளவாகத் தின்பதில்லை. சுண்ணாம்போடு சேர்ந்ததும் கரையாத கால்சியம் ஆக்சலேட்டாகி, துளைச் சுவரில் ஒரு மெல்லிய போர்வையாகப் படிந்து, மேற்கொண்டு வினை நடக்காமல் தடுக்கிறது. ஆனால் அதே கால்சியம் ஆக்சலேட்தான் சிறுநீரகக் கல். இந்த அமிலம் வாய்க்குள் போனால் நஞ்சு. குழந்தைகள் தவழும், நாய் நக்கும் வாசலில் நான் இதைப் பரிந்துரைக்கத் தயங்குவேன்.

வீட்டில் செய்யக்கூடியது இன்னொன்று இருக்கிறது. எலுமிச்சை உப்பு என்று மளிகைக் கடையில் கேட்டால் சிட்ரிக் அமிலம் தருவார்கள். அதைத் தண்ணீரில் கரைத்து, பொங்குவது நிற்கும்வரை சமையல் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தால் புளிப்பு அடங்கிச் சோடியம் சிட்ரேட் ஆகிறது. இப்போது அது தரையை அரிப்பதில்லை, ஆனால் இரும்பைப் பிடிக்கும் குணம் போகவில்லை. களிமண் பொடியில் பிசைந்து பற்றாகப் போட்டு, காயாமல் மூடி இரண்டு மூன்று நாள் விட வேண்டும். மெதுவான வைத்தியம். வெறும் புளியோ எலுமிச்சையோ தேய்ப்பது பித்தளைக் குத்துவிளக்குக்குச் சரி, கான்கிரீட்டுக்கு அதுவும் ஆசிட்தான்.

பொள்ளாச்சிப் பக்கத்துக் கறை வேறு. தேங்காய் மட்டையைக் குவித்த இடத்தில் மழை பெய்தால் அடியிலிருந்து காப்பி நிறத்தில் தண்ணீர் வடியும். வாதாமர இலை விழுந்து ஊறிய இடத்தில் இலையின் உருவமே நரம்பு நரம்பாகத் தரையில் அச்சாகியிருக்கும். இது டானின், துவர்ப்பு. பாக்கிலும் கடுக்காயிலும் இருப்பது. தனியாக இருந்தால் பழுப்பு. இரும்போடு சேர்ந்தால் கறுப்பு. கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து மை காய்ச்சினார்களே, அந்த மை இது. துருப்பிடித்த கேட்டின் கீழே இலை ஊறிய கறை ஏன் கன்னங்கரேலென்று இருக்கிறது என்பது இதிலிருந்து விளங்கும். வெறும் பழுப்புக் கறையை வெயிலும் மழையும் சில மாதங்களில் தாமே எடுத்துவிடும். அவசரமென்றால் ஹைட்ரஜன் பெராக்சைடு வெளுக்கும். கறுத்துவிட்டால் அது இரும்புக் கறை. துருவுக்குச் சொன்ன சிட்ரேட் பற்றுக்குப் போக வேண்டும்.

இந்தக் கறைகளையெல்லாம் எழுதிக்கொண்டே வரும்போது ஒன்று தோன்றுகிறது. மண் வாசலில் கறை என்ற பேச்சே இருந்ததில்லை. எண்ணெய் சிந்தவில்லையா, பாக்கு துப்பவில்லையா, மாடு நிற்கவில்லையா? எல்லாம் நடந்தன. ஆனால் விடிகாலையில் ஒரு வாளிச் சாணித் தண்ணீர் அதன்மேல் விழுந்தது. நேற்றைய கறையோடு நேற்றைய மேல்தோலும் போய், இன்றைக்கு ஒரு புதுத் தோல் வந்தது. தன்னைக் கொடுத்து அடியிலிருப்பதைக் காக்கும் தியாகப் படலம் என்று இதைப் பொருளறிவியல் சொல்கிறது. கோலமும் அதன்மேல்தான் எடுப்பாக நின்றது.

வாசல் சிமெண்டான பிறகும் பச்சை வாசல்மேல் இருந்த ஆசை போகவில்லை. மாடு இல்லை, சாணி இல்லை. அந்த இடத்துக்குக் கொங்குப் பகுதிக் கடைகளில் வந்தது சாணிப் பவுடர். பெயரில்தான் சாணி. பச்சைப் பொடியில் இருப்பது மாலகைட் கிரீன், மஞ்சளில் ஆரமைன். இரண்டும் சாயத்தொழிலுக்கான செயற்கைச் சாயங்கள். மாலகைட் கிரீன் வலுவான காரத்தில் நிறமிழந்துவிடும் என்பது கல்லூரி ஆய்வகத்தில் செய்யும் பழைய பரிசோதனை. ஆகவே புது வாசலில் அது சீக்கிரம் வெளுக்கும். காரம் போன பழைய வாசலிலோ திட்டுத் திட்டாக நின்றுவிடும். கறையைவிடப் பெரிய விஷயம், இது கொடிய நஞ்சு. இந்தப் பொடியால் போன உயிர்களைப் பற்றிக் கொங்குப் பகுதி மருத்துவர்கள் மருத்துவ இதழ்களில் எழுதியிருக்கிறார்கள். வாசல் அழகுக்காக இதை வீட்டுக்குள் வைத்திருக்கக் கூடாது. இருந்தால் இன்றைக்கே அப்புறப்படுத்துங்கள்.

பாசிக்கு வருவோம். புதுக் கான்கிரீட்டில் பாசி பிடிப்பதில்லை, அந்தக் காரத்தில் அவற்றால் வாழ முடியாது. மேல்தோலில் காரம் குறைந்தபிறகுதான் குடியேறுகின்றன. ஐப்பசி மழைக்குப் பிறகு நிழலான மூலையில் பச்சை. அதையடுத்து வருஷம் முழுக்க நிற்கும் கறுப்பு. அந்தக் கறுப்பை அழுக்கு என்று நினைக்கிறோம், பெரும்பாலும் அது உயிருள்ள நீலப்பச்சைப் பாசி. வெயிலுக்குக் குடை பிடிப்பதுபோலக் கரிய உறை போர்த்திக்கொண்டிருக்கிறது. இங்கே பிளீச்சிங் பவுடர் சரியான மருந்து. கரைத்துத் தெளித்த தண்ணீர் தரையில் கால் மணி நேரம் நிற்கட்டும், பிறகு தேய்த்துக் கழுவலாம். தண்ணீர் தேங்கும் பள்ளத்தைச் சரிசெய்யாவிட்டால் அடுத்த ஐப்பசிக்கு மறுபடியும் வரும்.

இதில் ஒரு எச்சரிக்கை இருக்கிறது, இந்த அத்தியாயத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது. பிளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் ஒரே தரையில், ஒரே வாளியில், ஒன்றன்பின் ஒன்றாகக்கூடச் சேர்க்கக் கூடாது. சேர்ந்தால் குளோரின் வாயு வரும். 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்ரே போர்முனையில் படைவீரர்கள்மேல் திறந்துவிடப்பட்ட அதே வாயு. காற்றைவிடக் கனமானது. தரையோடு படிந்து நிற்கும், குனிந்து தேய்ப்பவரின் மூச்சு இருக்கும் உயரத்திலேயே. ‘ரெண்டையும் போட்டா நல்லா போகும்’ என்று யாராவது சொன்னால் கையைப் பிடித்து நிறுத்துங்கள்.

புதிதாக வாசல் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இப்போது கடைகளில் கிடைப்பதில் பெரும்பகுதி சாம்பல் கலந்த பொசலானா சிமெண்ட். அனல்மின் நிலையத்துச் சாம்பல் சுண்ணாம்போடு வினைபுரிந்து அதையும் பசையாக்குகிறது. துளைகள் நைசாகின்றன, கறை இறங்குவது குறைகிறது. ஆனால் அந்த வினை மெதுவானது, அது நடக்க ஈரம் வேண்டும். இந்தியத் தர விதி சாதாரண சிமெண்டுக்கு 7 நாளும் இந்த வகைக்கு 10 நாளும் குறையாமல் தண்ணீர் கட்டச் சொல்கிறது. மூன்றாம் நாளே காரை உள்ளே விட்டுவிட்டால் சாம்பல் சாம்பலாகவே உள்ளே கிடக்கும். பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்திய அந்தப் பத்து நாளுக்கு ஈடான கறை மருந்து எந்தக் கடையிலும் கிடைக்காது.

ஆரத்திக் கறை பாக்கியிருக்கிறது. மஞ்சளின் நிறம் குர்குமின் என்ற பொருளால் வருவது. 1815-இலேயே வேதியியலாளர்கள் மஞ்சளிலிருந்து பிரித்தெடுத்துப் பெயரிட்டுவிட்டார்கள். சமையலறைத் துணியில் அத்தனை பிடிவாதமாக நிற்கும் அது, இரண்டு விஷயங்களிடம் தோற்றுப்போகும்: காரம், வெயில். காரத்தில் சிவந்த குர்குமின் அதே காரத்தில் சிதையவும் செய்கிறது. வெயில் மிச்சத்தை உடைக்கிறது. ஈரோட்டில் பெரிய மாரியம்மன் திருவிழா மஞ்சள் நீராட்டோடு முடிந்த மறுவாரம் தெருக்களைப் பாருங்கள். யாரும் தேய்ப்பதில்லை, ஆனாலும் மஞ்சள் இருக்காது. ஆகவே கல்யாண வீட்டு வாசலில் சிவப்புத் திட்டைப் பார்த்ததும் ஆசிட்டுக்கு ஆள் அனுப்பாதீர்கள். ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றிவிட்டு வெயில் படும்படி விடுங்கள். அந்தக் கறை பத்துப் பதினைந்து நாளில் தானாகப் போய்விடும். ஆசிட் தின்ற தரை திரும்ப வராது.